பாவு காயும் முன்னே

போன வாரம் கைலாசம் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனதோடு நிறுத்தியிருந்தோம். மனுஷன் பட்டினி கிடந்தாரோ என்று கவலைப்பட்டவர்கள் கவலையை விடலாம். விடிவதற்கு முன்னே முதல் வேலையாகப் பழைய சோற்றில் மோர் விட்டுக் கரைத்து ஒரு சொம்பு குடித்தார். கோபம் வேறு, வயிறு வேறு என்று பிரித்து வைக்கத் தெரிந்தவர் அவர்.

இந்த வாரம்தான் நம் கதைக்குள் காலடி வைப்பவர்கள் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும். இது முப்பத்தெட்டாம் வருஷத்துக் கதை. மில்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு கால்பந்து அணி சேர்த்த காலம். சென்ற ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் நடந்த கோப்பை ஆட்டத்தில் நம் ராசிபுரம் பாவடிச் சங்கம் ஒரே ஒரு கோலில் ஜெயித்தது. கோல் போட்டவர் கைலாசம், சங்கத்துக் காப்டன். எதிரணிக்குக் கோல் விழாமல் பார்த்துக்கொண்டவன் அவர் தம்பி வீரபாகு, பேக், அதாவது பின்னால் நின்று காக்கிற ஆட்டக்காரன். ஆட்டம் முடிந்ததும் கோயமுத்தூர் மரகதவல்லி மில்லைச் சேர்ந்த ஒருவர் வீரபாகுவின் தோளில் கை போட்டார். மில்லில் தறி வேலை, குடியிருக்க வீடு, எங்கள் அணியில் இடம், மூன்று வருஷ ஒப்பந்தம், வெள்ளிக்கிழமை நானே ராசிபுரம் வந்து கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நேற்று ராத்திரி சாப்பிடும்போது இந்தப் பேச்சு வந்ததும்தான் கைலாசம் எழுந்து போனார்.

அந்த வெள்ளிக்கிழமை இன்றுதான் விடிந்திருக்கிறது.

வீரபாகுவின் மனைவி சௌந்திரம் கண் விழித்தபோது பக்கத்தில் அவன் இல்லை. கொல்லையில் கஞ்சி கொதிக்கும் வாசனை வந்தது. ஓரகத்தி ராமாத்தாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, இன்னைக்குப் பாவா? திங்கக்கெழமைதானே போடறதாச் சொன்னாங்க?"

"என்னைக் கேட்டா எனக்கென்ன தெரியும் அம்மிணி. உங்க மாமா இருட்டோட எந்திரிச்சு நூலைத் தூக்கிட்டுப் போனாரு. தம்பியையும் எழுப்பிக் கூட்டிட்டுப் போயிட்டாரு. நீ இதைக் கிண்டு, அடி புடிச்சுறப் போவுது."

சௌந்திரம் கிண்டினாள். கை கிண்டியதே தவிர மனசு அதில் இல்லை. மல்லசமுத்திரத்துப் பெண் அவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புருஷன் ஆடுகிற ஆட்டத்தைக் கொல்லைப் படல் சந்து வழியாகப் பார்த்துப் பார்த்துக் கால்பந்துப் பைத்தியமாகிப் போனவள். ராமாத்தாளைத் தவிர யாருக்கும் அது தெரியாது. ஒருநாள் அவன் அவளிடம் மட்டும் ஒன்று சொன்னான். "நாலு பெரிய டீமோட ஆடிப் பாக்கணும் சௌந்திரம். நான் நெசமாலுமே ஆட்டக்காரனா, இல்ல நம்ம தெருவுக்கு மட்டும் ஆட்டக்காரனான்னு ஒரு தடவை தெரிஞ்சுக்கணும்." அன்றிலிருந்து அவளுக்கும் அதே ஆசை. அவனைக் காட்டிலும் ஒருபடி கூடுதலாகவே இருந்தது.

ஆனால் அவனுக்கு ஒரு குறை. எந்தப் பந்தையும் மறித்துவிடுவான், அண்ணன் சொல்லை மட்டும் மறிக்கத் தெரியாது.

கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு பாவடிக்குப் போனாள். பாவடி என்பது நெசவாளர்கள் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்துக் காய வைக்கிற பொட்டல். காலையில் அங்கே பாவு, சாயங்காலம் பந்து. சில நாள் பந்தாடும்போதும் ஓரத்தில் ஒரு ஈரப் பாவு நின்றுகொண்டிருக்கும். அதில் பந்து விழுந்தால் நூலெல்லாம் சிக்கி ஒரு வீட்டின் உழைப்பே போய்விடும். சின்ன வயதில் வீரபாகுவை அந்தப் பாவுக்கு முன்னால் காவல் நிறுத்தினார்கள். பேக் ஆட்டத்தை அவனுக்கு வேறு யாரும் சொல்லித் தரவில்லை. சேலத்தில் கோல் கம்பத்துக்கு முன்னால் நின்றபோதும் தனக்குப் பின்னால் அப்பன் பாவு நிற்பதாகத்தான் அவனுக்கு நினைப்பு.

அன்றைக்கு நின்ற பாவைப் பார்த்துச் சௌந்திரம் திகைத்தாள். பாவடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போயிற்று. ஒரு மாதத்துக்குக் குறையாமல் நெய்யலாம்.

பானையை இறக்கி வைத்து, வழக்கம்போலக் கஞ்சியில் விரலை நனைத்துப் பாவின் ஓர இழையில் தடவினாள். கஞ்சி கிண்டியவள் பதம் பார்த்துத் தருவது வழக்கம். இழை கஞ்சியைக் குடித்தது. "பதம் சரியா இருக்குதக்கா" என்று பின்னால் வந்த ராமாத்தாளிடம் சொன்னாள்.

கைலாசம் இழைகளை வாரிவிடுகிற நீளமான பாவுக்குச்சை எடுத்துக் கஞ்சியில் தோய்த்து, ஒரு முனையைத் தம்பியிடம் நீட்டினார்.

"மொதக் கை நீ வை தம்பி."

வீரபாகு தூக்கம் கலையாத கண்ணோடு வாங்கிப் பாவில் வைத்தான். வைத்த பிறகுதான் அண்ணன் முகத்தைப் பார்த்தான். அவன் முகம் வெளிறியது.

சௌந்திரத்துக்கும் அப்போதுதான் புரிந்தது. அந்தத் தெருவில் ஒரு கட்டு உண்டு. புதுப் பாவில் கஞ்சியோடு முதல் கை வைத்தவர்தான் அதை நெய்து இறக்க வேண்டும், இறக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மீறிப் போன கைக்கு மறுபடி தறி அமையாது என்று அத்தனை பேரும் நம்பினார்கள். வீரபாகுவும் நம்பினான். ராத்திரி சண்டை போடாமல் எழுந்து போன பெரிய மனுஷன், விடியக்காலையில் நூலாலேயே தம்பியைக் கட்டிவிட்டார்.

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் என்ன செய்வது. புருஷனின் அண்ணனிடம் அவள் நேருக்கு நேர் பேசியதே கிடையாது, அந்த வீட்டு வழக்கம் அப்படி. ஏதாவது சொல்ல வேண்டுமானால் ராமாத்தாளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவரும் அப்படியே பதில் சொல்வார்.

அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் குச்சைப் பிடித்துக்கொண்டு பாவோடு நடந்தார்கள். கஞ்சி காய்வதற்குள் ஓயாமல் வார வேண்டும், நின்றால் இழை ஒட்டிக்கொள்ளும்.

சேதி காற்றில் பறந்துவிட்டது. காப்பிக் கிளப்பு சென்னிமலை கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். கோலி சின்னண்ணன் சாயம் போடுகிறவர், நீலக் கையோடு ஓடி வந்தார். அவர்களுக்குப் பின்னால் தெருவில் பாதி. வந்தவர்கள் சும்மா நிற்க முடியாமல் பாவின் இரண்டு பக்கமும் நின்று அறுந்த இழைகளை முடிந்துகொண்டே வழக்கைத் தொடங்கினார்கள்.

"கோயமுத்தூர்ல பூட்ஸ் போட்டுத்தான் ஆடோணுமாம். வெறுங்கால்ல பழகினவனுக்கு அது ஒத்து வருமா?" என்றார் சென்னிமலை.

"ஏன், நீ செருப்புப் போட்டு நடக்கறதில்லையா? எல்லாம் பழகினா வந்துரும்" என்றது எதிர்ப்பக்கம்.

"மூணு வருஷக் கட்டு அது. வேற டீமுக்கு ஆடவே கூடாதாம். நம்ம பாவடில வந்து பந்தைத் தொட்டாக்கூடக் குத்தமாயிரும்."

"போகட்டும்ப்பா. மில்லு பேக்கு ஆருன்னு கேட்டா எங்க ராசிபுரத்தான்னு நெஞ்சை நிமித்திச் சொல்லிக்கலாம்."

"சொல்லிக்கோ. அடுத்த ஆட்டத்துல சேலத்துக்காரன் அஞ்சு கோல் போட்டுட்டுப் போவான், அதையும் சேத்துச் சொல்லிக்கோ" என்றார் சின்னண்ணன். கோலில் நிற்கிறவர் அவர். முன்னால் வீரபாகு இல்லாத ஆட்டத்தை நினைக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

"உனக்கென்ன பயம்? ஞாயித்துக்கெழம உன் கைக்கு ஒரு பந்தாச்சும் வந்துதா?"

"அதாஞ் சொல்றேன். இனிமே வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, ஐந்து நாளாக எந்தப் பேச்சை எடுத்தாலும் எங்கே போய் முடிந்ததோ அங்கேயே இதுவும் போய் முடிந்தது. ஜெயித்த கோலைப் பற்றிய பேச்சு. அது பெனல்டியில் வந்த கோல். பந்து சேலத்து ஆட்டக்காரன் ஒருவனின் சுண்டுவிரலை லேசாக உரசிக்கொண்டு போயிற்று, அவ்வளவுதான். வேணும்னு வைக்கலை, தானாப் பட்டது, விரல் பட்டதெல்லாம் கையா என்று அவர்கள் கத்தினார்கள். ராசிபுரத்தார் விடவில்லை. ரெப்ரி ஊதினார், கைலாசம் அடித்தார், கோப்பை வந்தது.

"சுண்டுவெரல் நகத்துல பட்டாலும் கை கைதான்" என்று சின்னண்ணன் நீலக் கையைத் தூக்கிக் காட்டினார். "வேணும்னு பட்டுச்சா, வேணாம்னு பட்டுச்சாங்கிறதெல்லாம் அப்பறம்."

"அதுல ரெண்டு பேச்சே கெடையாது" என்றார் கைலாசம், குச்சை நிறுத்தாமல். அன்று காலை அவர் பேசிய முதல் நல்ல வார்த்தை அது.

சேலம் பஸ்ஸில் மில்காரர் வந்து இறங்கினார். பெயர் சவரியார். சொந்த ஊர் சேலம், மில் ஆபீசில் வேலை. கறுப்புக் கோட்டும் குடையுமாகப் பாவடிக்குள் நுழைந்தவர் வீரபாகுவைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தார்.

"வாங்க தம்பி, உக்காந்து பேசலாம்."

"உக்கார முடியாதுங்க. கஞ்சி காஞ்சுரும்" என்றான் வீரபாகு.

ஆகவே சவரியாரும் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாவோடு மேலும் கீழும் நடந்தபடியே பேசினார். மில் அணி அடுத்த வாரம் பெங்களூர் போகிறது. அங்கே பெரிய பெரிய அணிகள் வருகின்றன. வீரபாகு இன்றைக்கு உச்சி பஸ்ஸிலேயே கிளம்பினால்தான் இரண்டு நாளாவது கூட ஆடிப் பழகலாம். பெங்களூர் என்றதும் வீரபாகுவின் நடை ஒருகணம் தப்பியது. சௌந்திரம் அதைப் பார்த்தாள்.

"சொல்றதுக்குச் சங்கடமா இருக்குதுங்க" என்றார் கைலாசம். "இது அவன் மொதக் கை வெச்ச பாவு. நெய்ஞ்சு எறக்கற வரைக்கும் அவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்க தெருக் கட்டு. அடுத்த மாசம் வாங்க, பாக்கலாம்."

சவரியார் வீரபாகுவைப் பார்த்தார். வீரபாகு தரையைப் பார்த்தான்.

"அடுத்த மாசம் எதுக்குங்க? பெங்களூருக்கு ஆள் இல்லைன்னா மேனேஜர் நாளைக்கே வேற பேக்கைப் பாத்துருவாரு." சவரியார் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "இப்படி ஒரு ஆட்டக்காரனை நான் பாத்ததில்ல தம்பி. சரி, உங்களுக்குக் குடுப்பினை இல்ல."

போகக் கூடாது என்று கத்தியவர்களுக்குக்கூடச் சந்தோஷப்பட முடியவில்லை. சென்னிமலை தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். வீரபாகு குச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

சௌந்திரத்தால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அக்கா, உங்க ஊட்டுக்காரரை ஒண்ணு கேளுங்க" என்றாள். குரல் பாவடி முழுக்கக் கேட்டது. "இந்தப் பாவுல மொதக் கை ஆரு வெச்சதுன்னு கேளுங்க."

"மொதக் கை ஆரு வெச்சதுன்னு கேக்கறா" என்று ராமாத்தாள் புருஷனைப் பார்த்துத் திருப்பிச் சொன்னாள்.

"இதென்ன கேள்வி? தம்பிதான் வெச்சான். எல்லாரும் பாத்தாங்கல்ல" என்றார் கைலாசம் பெண்டாட்டியிடம்.

"உங்க கொழுந்தனாரு குச்சைத் தொடறதுக்கு முன்னாடியே பாவுல கஞ்சி பட்டாச்சுன்னு சொல்லுங்கக்கா. நாந்தான் வெரல்ல தொட்டு ஓர இழையில தடவுனேன். நீங்க பின்னாடிதானே நின்னீங்க."

ராமாத்தாள் யோசித்தாள். "ஆமாங்க. தடவுனா. நாம் பாத்தேன்."

"அட, அது பதம் பாக்கறது" என்று கைலாசம் சிரித்தார். "பொம்பளைங்க காலங்காலமாப் பாக்கறதுதான். ஒரு வெரல் பட்டதெல்லாம் கையா?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

"சேலத்துக்காரங்களும் இதையேதான் கேட்டாங்களாம் அக்கா" என்றாள் சௌந்திரம். "சுண்டுவெரல் பட்டாலும் கைதான்னு அஞ்சு நாளா ஊரே சொல்லுது. அவியளுக்காச்சும் தெரியாமப் பட்டுச்சு. நான் தெரிஞ்சேதான் வெச்சேன்."

பாவடியில் ஒரே கூச்சல். பதம் வேறு, கை வேறு என்று ஒரு பக்கம். விரலுக்கு ஒரு சட்டம், கைக்கு ஒரு சட்டமா என்று இன்னொரு பக்கம். பெண்கள் தொட்டதை இதுவரை யாராவது கணக்கில் எடுத்ததுண்டா என்று ஒருவர் கேட்டார். எடுக்காதது யாருடைய தப்பு என்று ராமாத்தாள் கேட்டாள். அவள் எப்போது கட்சியில் சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

கடைசியில் எல்லோரும் சின்னண்ணனைப் பார்த்தார்கள். சுண்டுவிரல் வழக்கில் தெருவுக்கே வக்கீல் அவர்தான். வீரபாகு போனால் அதிகம் கஷ்டப்படப் போகிறவரும் அவர்தான். பாவம், அந்த மனுஷன் தன் நீலக் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கைதான்" என்றார் கடைசியில், பல் பிடுங்கினாற்போல. "இல்லைன்னு சொன்னா கோப்பையைத் திருப்பிக் குடுத்துட்டு வரோணும் கைலாசம். என்னால முடியாது."

"முடியாது, முடியாது" என்றார் சென்னிமலை. கோப்பை அவர் கிளப்பில் சர்க்கரை டப்பாவுக்கு மேலே வீற்றிருந்தது.

கைலாசம் குச்சை ஒரு ஆளிடம் கொடுத்துவிட்டுப் பாவைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். ராமாத்தாளைத் தாண்டி, சௌந்திரத்துக்கு எதிரே வந்து நின்றார்.

"அம்மிணி, நெசமாத்தான் சொல்றியா? உன் கைதான்னா நீதான் நெய்ஞ்சு எறக்கோணும். அது வரைக்கும் நீ எங்கயும் போவ முடியாது. அவன் அங்க, நீ இங்க."

அவர் தன்னிடம் நேராகப் பேசுகிறார் என்பது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நெய்யறேன் மாமா. எங்கப்பன் ஊட்டுல நெய்யாத பாவா? எறக்கிப்போட்டு அப்பறம் போறேன்."

கைலாசம் தம்பி பக்கம் திரும்பினார். கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை.

"எனக்குப் பின்னாடி நீ நிக்கிற தைரியத்துலதான்டா நான் முன்னாடி ஓடுனேன். உன்னை விட்டா எனக்கு ஆட்டமே இல்லைன்னு பயம். அதான் இப்படிப் பண்ணிப்போட்டேன். போயிட்டு வா சாமி."

வீரபாகு குச்சை விட்டுவிட்டு வந்து அண்ணனைக் கட்டிக்கொண்டான். பார்த்துக்கொண்டிருந்த பலரும் மேல்துண்டால் மூக்கைத் துடைத்தார்கள்.

சவரியார் கோட்டுப் பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்துச் சத்தமாக வாசித்தார். வேலை, வீடு, பூட்ஸ், மூன்று வருஷம், வேறு அணிக்கு ஆடுவதில்லை. எல்லாம் இருந்தது. சௌந்திரத்துக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. இந்தத் தடவை அவள் ராமாத்தாளைத் தேடவில்லை.

"ஏனுங்க, இத்தனை அவசரமா ஒரு பேக்கு எதுக்குங்க? உங்க மில்லுல பேக்கே இல்லையா?"

"இருந்தாரும்மா. போன மாசம் ஆட்டத்துல முழங்கால் போயிடுச்சு."

"இப்ப எங்க இருக்காரு?"

சவரியார் குடையைக் கை மாற்றிக்கொண்டார். "ஊருக்கு அனுப்பிட்டாங்க."

சௌந்திரம் விடவில்லை.

"கால் போனா ஆட்டம் போகட்டுங்க. தறி போகக் கூடாது, ஊடு போகக் கூடாது. அதை எழுதுங்க."

"நான் எப்படிம்மா? மேனேஜர்கிட்டக் கேக்காம ஒரு வார்த்தை சேக்க முடியாது. கையெழுத்தை இப்பப் போடட்டும், அப்பறமா நான் பேசி..."

"எழுதலைன்னா நான் வரலீங்க" என்றான் வீரபாகு.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். குரல் உயரவில்லை. ஆனால் சேலத்தில் அவனை எதிர்த்து வந்த முன்னாட்டக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள், அவன் அப்படிக் காலை ஊன்றி நின்றுவிட்டால் அப்புறம் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும் என்று. சௌந்திரத்துக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

சவரியார் அவனையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

"அந்தோணியார் சாட்சியா எழுதறேன். மேனேஜர் திட்டினா நான் வாங்கிக்கறேன். போன மாசம் அந்த ஆளை ரயிலேத்தி விட்டவன் நாந்தான்ம்மா. எனக்கும் மனசு ஆறலை."

அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே சென்னிமலை உள்ளே தலையை நீட்டினார். "அதோட இன்னொண்ணும் சேத்துக்குங்க. எங்கூர்ப் பொங்கல் கோப்பைக்கு மட்டும் பையனை எங்களுக்கு விட்டுத் தரணும். பாவடிச் சங்கத்துக்கு ஆடோணும்." தெருவே ஆமாம் ஆமாம் என்றது. ஒன்றை எழுதியவருக்கு இரண்டாவது பெரிதாகத் தெரியவில்லை. அதையும் எழுதினார்.

ராமாத்தாளின் கஞ்சிப் பானையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் வைத்து வீரபாகு கையெழுத்திட்டான். காகிதத்தில் கஞ்சி ஒட்டிக்கொண்டது. சவரியார் ஊதி ஊதிக் காய வைத்தார். சென்னிமலை அன்றைக்கு எல்லோருக்கும் காப்பி இலவசம் என்று அறிவித்தார். அவர் கிளப்பு ஆரம்பித்த நாள் முதல் இப்படி ஒரு வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று. சௌந்திரம் பாவை விட்டு அசைய முடியாது, இப்போது அது அவள் பாவு. வீரபாகுதான் பெட்டியோடு வந்து அவள் எதிரே நின்றான்.

"போயிட்டு வாரேன்."

"பூட்ஸ் கடிச்சாக் கழட்டி வீசிப்போட்டு ஆடுங்க. ஆரு என்ன சொன்னாலும் கேக்காதீங்க."

"ஒரு மாசம் தனியா..."

"நீங்க போங்க. நான் வெரசா நெய்ஞ்சுருவேன். பாத்துக்கிட்டே இருங்க." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. துக்கமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது, எது எவ்வளவு என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை. புருஷன் ஜெயித்தான், தானும் ஜெயித்தோம் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரே பஸ் நிற்கிற இடத்துக்குப் போயிற்று. காலையில் போகக் கூடாது என்று கத்தியவர்கள்தான் தூக்குவதில் முந்திக்கொண்டார்கள். வேட்டுகூட வெடித்தது. பாவடியில் பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள். காய்ந்த பாவை ராமாத்தாளும் சௌந்திரமும் இரண்டு முனையில் நின்று சுருட்டத் தொடங்கினார்கள். பஸ் ஆரன் சத்தம் கேட்டது. சௌந்திரம் கொஞ்ச நேரம் கையை நிறுத்தி, அது தேயும்வரை கேட்டுவிட்டு மறுபடி சுருட்டினாள்.

பாவு பாதி சுருளவில்லை, போன கூட்டம் திபுதிபுவென்று திரும்பி ஓடி வந்தது. முன்னால் சின்னண்ணன். அவருக்கு மூச்சு வாங்கியது.

"மோசம் போனோம் கைலாசம் பெண்டாட்டி" என்றார் ராமாத்தாளிடம். "பஸ்ஸுக்குப் பின்னாடி நோட்டீஸ் ஒட்டியிருக்குது. வண்டி நகந்த பெறகுதான் பாத்தேன். ஓடிக்கிட்டே படிச்சேன். பொங்கல் கோப்பைக்கு இந்த வருஷம் வெளியூர் டீமுகளும் வருதாம். மொதப் பேரே மரகதவல்லி மில்லுதான்."

ராமாத்தாளுக்கு விளங்கவில்லை. சௌந்திரத்துக்கு உடனே விளங்கியது. வேறு அணிக்கு ஆடக் கூடாது என்றும் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. பொங்கல் கோப்பையில் பாவடிச் சங்கத்துக்கு ஆட வேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டுக்கும் அடியில் ஒரே கையெழுத்து.

"மேனேஜர் விடுவானா? அவன் டீமே இங்க ஆடறப்ப நமக்கு எப்படி விடுவான்?" என்று சென்னிமலை தலையில் கை வைத்துக்கொண்டார். "காப்பி வேற சும்மாக் குடுத்துட்டேன்."

கைலாசம் கடைசியாக வந்தார். அவர் முகத்தில் கவலையைக் காணோம். தம்பியைக் கட்டிப்போட்ட காலைநேரத்து முகமே அல்ல அது. பந்து காலுக்கு வந்துவிட்ட காப்டன் முகம்.

"வரட்டுமே" என்றார் ராமாத்தாளைப் பார்த்து. "நம்ம பக்கம் நின்னாச் சந்தோஷம். எதிர்ப்பக்கம் நின்னா, இதே பாவடில அவனைத் தாண்டிப் போய் நான் கோல் போடறேன். நீங்கல்லாம் பாக்கத்தான் போறீங்க."

ஆண்கள் ஆரவாரித்தார்கள். சௌந்திரம் பாவைச் சுருட்டிக்கொண்டே நிமிர்ந்தாள். ராமாத்தாளைப் பார்க்கவில்லை. மூத்தாரை நேராகவே பார்த்தாள்.

"எந்தப் பக்கம் நிப்பாருன்னு எனக்குத் தெரியாதுங்க மாமா" என்றாள். "ஆனா எதுக்கும் இன்னையிலிருந்தே ஓடிப் பழகுங்க. அவரைத் தாண்டி இது வரைக்கும் ஆரும் போனதில்லை."